பெயர் வெட்டியவர்களும் வேலை செய்தவர்களும்

சதுரங்கப்பட்டினத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தின் பூசை மாடத்தில் வெள்ளியாலான சிறு தொட்டில் ஒன்று இருக்கிறது. நீளம் சுண்டுவிரல் அளவுகூட வராது. குழந்தை வேண்டிக் கோயிலுக்குச் செலுத்தும் காணிக்கைத் தொட்டிலை நினைவுபடுத்துவதாலோ என்னவோ, அவ்வீட்டார் அதற்கும் வெள்ளிக்கிழமைதோறும் குங்குமமிட்டு வருகின்றனர். தங்கள் முன்னோர் ஒருவர் டச்சுக்கோட்டையின் மதிலோரம் மணலில் கண்டெடுத்தது அது என்பது வீட்டில் வழங்கும் கதை. எங்களுள் ஒருவருக்கு அக்குடும்பத்தோடு நெடுநாள் பழக்கமுண்டு. "அது எந்தக் காலத்துச் சாமான்னு பார்த்துச் சொல்லுங்க" என்று அவர்கள் கேட்டதன் பேரில் சென்ற ஆண்டு நாங்கள் மூவர் அங்கே போனோம். பத்தர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றையும் மறக்காமல் எடுத்துப் போயிருந்தோம்.

தொட்டிலின் அடிப்புறத்தில் இரண்டு முத்திரைகள் இருந்தன. ஒன்று, கடுகினும் சற்றே பெரியதொரு வாள். மற்றொன்று தேய்ந்துபோன இரண்டெழுத்து. வேறெதுவும் இல்லை.

இத்தொட்டில் எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் வீட்டுப் பெண்குழந்தைகள் சொப்புச் சாமான் வைத்து விளையாடுவதுபோல, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆலந்து நாட்டுச் செல்வர் வீடுகளில் வெள்ளியில் சொப்பு வைத்திருந்தனர். நாற்காலி, கணப்பு, கெண்டி, குதிரை வண்டி, தொட்டில் என்று ஒரு வீட்டில் உள்ள அத்தனையும் விரற்கடை அளவில் செய்யப்பட்டன. இவற்றுள் பெரும்பகுதி குழந்தைகளுக்கானவை அல்ல. சீமாட்டிகள் அலமாரி போன்ற பொம்மை வீடுகளில் அடுக்கி வைத்து விருந்தினருக்குக் காட்டிய கௌரவப் பொருள்கள். ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள பெட்ரோநெல்லா ஊர்ட்மானின் பொம்மை வீடு 1686க்கும் 1710க்கும் இடையில் உருவானது. ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க் கரையில் மெய்யான வீடொன்று வாங்கும் அளவுக்கு அதற்குச் செலவானதாகச் சொல்வார்கள். அதற்கெனச் சீனாவிலிருந்து குட்டிப் பீங்கான்கள் வரவழைக்கப்பட்டன. இந்தச் சிறுபொருள்களை மட்டுமே செய்து வாழ்ந்த தட்டார்கள் 18ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாமில் இருந்தனர். அவர்களுள் அர்னால்டஸ் வான் கெஃபன் என்பவரின் பெயரை வெள்ளி சேகரிப்போர் இன்றும் மரியாதையோடு சொல்வர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் சுண்டுவிரல் அளவு கெண்டி செய்த ஒரு தொழிலாளியின் பெயர் இன்றைக்கும் தெரிகிறது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அப்பெயர் தெரிவதற்குக் காரணம் முத்திரைகளே. அக்காலத்து ஆம்ஸ்டர்டாம் வெள்ளிப் பொருளொன்றில் முறைப்படி நான்கு முத்திரைகள் இருக்க வேண்டும். முடி சூடிய மூன்று பெருக்கற்குறிகள் நகரத்தைக் குறிக்கும். எழுந்து நிற்கும் சிங்கம் ஆலந்து மாகாணத்தையும் வெள்ளியின் மாற்றையும் குறிக்கும். சிங்கத்துக்கு முடியிருந்தால் ஆயிரத்தில் 934 பங்கு வெள்ளி கொண்ட உயர்ந்த மாற்று. ஆண்டுதோறும் மாறும் ஓர் எழுத்து, எந்த ஆண்டில் சோதிக்கப்பட்டது என்பதைச் சொல்லும். நான்காவது, செய்தவரின் முத்திரை. அது முதலெழுத்துகளாகவோ, ஒரு பூ, பறவை, மீன் போன்ற சிறு உருவமாகவோ இருக்கும். அங்கே தொழிற்குழுவில் சேரும் ஆசான் தன் முத்திரையைச் செப்புத் தகட்டில் அடித்து, பக்கத்தில் பெயரைப் பொறித்து வைப்பது வழக்கம். சில நகரங்களின் தகடுகள் இன்றும் உள்ளன. அத்தகைய ஆவணங்களையும் பொருள்களையும் ஒப்பிட்டுத்தான் சித்ரூன் என்னும் அறிஞர் ஆம்ஸ்டர்டாம் வெள்ளித் தட்டார்களின் முத்திரைகளைத் தொகுத்து 1975இல் நூலாக்கினார்.

சொப்புச் சாமான்களில் ஒரு சிக்கல் உண்டு. நான்கு முத்திரைகளையும் அடிக்க இடமிராது. ஆகவே பழைய சிறுபொருள்கள் பலவற்றில் செய்தவரின் முத்திரை மட்டுமே காணப்படும். நெப்போலியன் வீழ்ந்தபின் அந்நாட்டில் முத்திரைச் சட்டம் புதிதாக எழுதப்பட்டது. 1814இல் முழு முத்திரை தாங்க முடியாத சிறுபொருள்களுக்கெனத் தனிக்குறி ஏற்பட்டது. அக்குறி ஒரு சிறிய வாள். குறைந்தது ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி உண்டு என்று அரசு தரும் உறுதி அது. 1953இல் விதிகள் மாறும் வரை அது வழங்கியது.

வாளைக் கண்டதும் கதை கலைந்துவிட்டது. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காலூன்றினர். 1781இல் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றினர். மறு ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் இக்கடலில் பிரெஞ்சுத் தளபதி சூஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதிய போருக்கும் இவ்வூரின் பெயரே வழங்குகிறது. அதன்பின் ஊர் கைமாறிக் கைமாறி, 1818இல் ஒருமுறை டச்சுக்காரரிடம் திரும்ப வந்து, 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825இல் நிரந்தரமாக ஆங்கிலேயருக்குப் போய்விட்டது. தொட்டிலோ 1814க்கு முன் பிறந்திருக்க வழியில்லை. இடைப்பட்ட ஏழாண்டுகளில் ஒரு டச்சு அதிகாரியின் பெட்டியில் வந்திருக்கலாம் என்று வாதிட இடமுண்டுதான். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னரும் இத்தகைய சொப்புகள் அந்நாட்டில் ஏராளமாகச் செய்யப்பட்டு, ஊர் சுற்ற வந்தோர்க்கும் வெளிநாடுகளுக்கும் விற்கப்பட்டன. பழைய முத்திரைகளைப் போலத் தோன்றும் போலிக்குறிகளைத் தாங்கியவையும் அவற்றுள் உண்டு. நம் தொட்டில் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று கொள்வதே பொருத்தம். கோட்டை மணலில் கண்டெடுத்த கதையை விட, மாமல்லபுரம் பார்க்க வந்த யாரோ ஒருவரிடமிருந்து வந்தது என்ற கதை நம்பத்தக்கது.

இதை வீட்டாரிடம் எப்படிச் சொல்வதென்று நாங்கள் தயங்கினோம். சொன்னபோது அவ்வீட்டு மூதாட்டி சற்றும் கலங்கவில்லை. "சாமிகிட்ட இருக்குறது இருந்துட்டுப் போகட்டும் தம்பி" என்றவர், சிறிது நேரம் கழித்து, "செஞ்சவன் பேரு அதுல இருக்கா?" என்று கேட்டார். பெயர் இல்லை, இரண்டெழுத்து இருக்கிறது, தேய்ந்துவிட்டது என்றோம். "அவ்வளவாவது இருக்கே. எங்க வீட்டுக்காரர் அம்பது வருசம் தறியில உக்காந்தாரு. எந்தத் துணியில அவரு பேரு இருக்கு?" என்றார்.

இக்கட்டுரை அக்கேள்வியிலிருந்து பிறந்தது.

*

முதலில் ஒரு மயக்கத்தைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பியன் தன் தொழிலாளியின் பெயரைப் போற்றினான், நாம் போற்றவில்லை என்று எளிதாக முடித்துவிடுவது தவறு. வெள்ளியில் தட்டார் அடித்த முத்திரை புகழுக்காக அடித்ததன்று. அது சந்தேகத்தில் பிறந்தது. வெள்ளியில் செம்பு கலப்பது எளிது, கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே, குறை கண்டால் யாரைப் பிடிப்பது என்பதற்காகவே ஊரும் தொழிற்குழுவும் முத்திரையைக் கட்டாயமாக்கின. இன்று அர்னால்டஸ் வான் கெஃபனைக் கலைஞன் என்று நாம் கொண்டாடுவது, அன்று அவரைக் குற்றவாளியாக்கத் தேவைப்படலாம் என்று வைத்திருந்த அடையாளத்தைக் கொண்டே. பொறுப்பு என்ற பெயரில் வாங்கி வைத்த கையெழுத்து, காலம் போனபின் புகழாக மாறிவிட்டது.

முத்திரையின் அடியில் மறைந்துபோனவர்களும் உண்டு. பதிவு செய்யப்பட்டது ஆசானின் குறி. பட்டறையில் ஊதுகுழல் ஊதிய பயிலாளியின் பெயரை யாரும் அடிக்கவில்லை. ஆகவே முத்திரை முழு உண்மை அன்று. ஆனால் உண்மையைத் தேடத் தொடங்குவதற்கு ஒரு நுனி. அந்த நுனிகூட இல்லாதவர்களின் கதைதான் சதுரங்கப்பட்டினத்தின் கதை.

கோட்டை இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அங்கு நடந்த அகழ்வில் நீலமும் வெண்மையுமான சீனப் பீங்கான் துண்டுகளோடு, வெண்களிமண்ணால் செய்த சுங்கான் துண்டுகளும் கிடைத்தன. இச்சுங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் ஆலந்து நாட்டின் கௌடா. அங்கே சுங்கான் செய்வோரின் தொழிற்குழு 1660இல் அமைந்தது. சுங்கானின் கிண்ணத்துக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குதிகாலில் செய்தவரின் குறி இருக்கும். முடி சூடிய எழுத்து, எண், பால்காரப் பெண் என்று நூற்றுக்கணக்கான குறிகள். அக்குறிகள் சொத்தாகவே கருதப்பட்டன. தந்தை மகனுக்கு எழுதி வைக்கலாம், விற்கலாம், வாடகைக்கும் விடலாம். வெளியூரார் அக்குறிகளைத் திருடத் தொடங்கியதால் 1740 வாக்கில் கௌடா நகரின் கேடயச் சின்னத்தையும் பக்கவாட்டில் பொறிக்கலாயினர். தரம் குறைந்த சுங்கானாயின் அதன்மேல் ஓர் எழுத்தும் சேர்ந்தது. புகைத்து முடித்து உடைந்ததும் குப்பையில் எறியும் பொருள் அது. அதன் குதிகாலில்கூட ஒரு மனிதனின் உரிமை பதிந்திருந்தது.

இச்சுங்கானை ஊதியபடி டச்சு வணிகன் எதை எண்ணிக்கொண்டிருந்தான்? துணியை. இக்கரைக்கு அவர்கள் வந்தது துணிக்காக. அவர்கள் கப்பலில் கொண்டுவந்த பொன்னும் வெள்ளியும் கோரமண்டலத் துணியாக மாறின. அத்துணி தென்கிழக்காசியத் தீவுகளுக்குப் போய் மிளகாகவும் கிராம்பாகவும் மாறியது. சதுரங்கப்பட்டினத்து மெல்லிய துணிக்கு ஐரோப்பாவிலும் பெயரிருந்தது. உள்ளூர் வணிகர்கள் வழியாக நெசவாளிக்கு முன்பணம் போகும். துணி கோட்டைக்கு வரும். அங்கே தரம் பிரிப்பார்கள். அத்துணிகளுள் சில இன்று உலக அருங்காட்சியகங்களில் உள்ளன. சிலவற்றின் பின்புறத்தில் ஒரு முத்திரையைக் காணலாம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மூன்றெழுத்துகளைப் பின்னிய குறி அது. வாங்கியவனின் குறி! நெய்தவனின் குறியோ, சாயம் தோய்த்தவனின் குறியோ இல்லை.

கோட்டைக்குள் இருக்கும் கல்லறைத் தோட்டத்திலும் இதே கணக்குதான். பலகை போன்ற பெருங்கற்களில் டச்சு எழுத்துகளும் குலச்சின்னங்களும் மண்டையோடுகளும் கொடிக்கருக்குகளும் அத்தனை நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. இறந்தவரின் பெயர், பதவி, பிறந்த ஊர், வாழ்ந்த வயது அனைத்தும் உண்டு. செதுக்கியவர்கள் இக்கரையைச் சேர்ந்த கற்றச்சர்கள் என்றே ஆய்வாளர் கருதுகின்றனர். கோரமண்டலத்தில் செதுக்கிய கல்லறைக் கற்கள் கப்பலேறிப் பத்தாவியா வரைக்கும் போயிருக்கின்றன. தாம் படிக்கத் தெரியாத ஒரு மொழியில், எழுத்துப் பிழையின்றி, இன்னொருவன் பெயரை நிலைநிறுத்திய மனிதனுக்குத் தன் பெயரின் ஓர் எழுத்தை ஓரத்தில் வெட்டிக்கொள்ளும் உரிமை இருந்ததாகத் தெரியவில்லை.

கம்பெனியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் வீட்டுச் சமையலறைக்கு வருவோம். எவர்சில்வர் குடத்தையோ பித்தளை அண்டாவையோ திருப்பிப் பாருங்கள். கடைவாசலில் சிற்றுளியும் சுத்தியலும் கொண்டு புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள். அப்பெயர் மணமகளுடையது, அல்லது மொய்யாக அளித்த மாமனுடையது, தேதியோடு. கோயிலுக்குப் போனால் குழல்விளக்கில் வெளிச்சத்தையே மறைத்துக்கொண்டு 'உபயம்' என்று ஒரு பெயர் இருக்கும். உடையவர் பெயர் வெட்டுவோம், கொடுத்தவர் பெயர் வெட்டுவோம். செய்தவர் பெயர் வெட்டியதை யாரேனும் கண்டதுண்டா? 19ஆம் நூற்றாண்டில் சென்னையில் தெய்வ உருவங்கள் புடைத்தெழும்பிய 'சுவாமி வெள்ளி' பாத்திரங்கள் ஆங்கிலேயரிடையே பெரும் மதிப்புப் பெற்றன. அவற்றின் அடியில் உள்ள முத்திரை பி. ஆர் அண்டு சன்ஸ் என்ற விற்பனை நிறுவனத்தினுடையது. தட்டி எழுப்பிய பத்தரின் பெயரை அப்பாத்திரங்கள் சொல்வதில்லை.

*

இவ்விடத்தில் வழக்கமாக ஒரு பதில் வரும். இந்தியக் கலைஞன் பெயரை விரும்பாதவன்; தன்னை அழித்துக்கொண்டு கலையைப் படைத்தவன்; பெயரின்மை அவனுடைய துறவு என்பது அப்பதில். ஆனந்த குமாரசாமி போன்ற பேரறிஞர்கள் இப்பெயரின்மையை ஓர் உயர்ந்த பண்பாகக் கண்டனர். தனிமனித ஆரவாரம் மிகுந்த மேற்குக்கு மறுமொழியாக அவர் அதைச் சொன்ன சூழலில் அதற்கொரு நியாயம் இருந்தது. இன்று அதைத் திருப்பிச் சொல்வதில் நியாயம் இல்லை என்பதே எங்கள் கருத்து. ஏனெனில் கல்லே அதை மறுக்கிறது.

மாமல்லபுரத்துக்கு மேற்கே, நடந்து போகும் தொலைவில் பூஞ்சேரி இருக்கிறது. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் வரும் கூட்டத்தில் ஒருவர்கூட அங்கே போவதில்லை எனலாம். அங்கே நொண்டி வீரப்பன் தொட்டி என்று ஊரார் சொல்லும் பாறையில் பல்லவர் கால எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கலியாணி, திருவொற்றியூர் அபாஜர், கொல்லன் சேமகன். மன்னனின் மெய்க்கீர்த்தி இல்லை, நிலக்கொடை இல்லை, தெய்வ வணக்கம் இல்லை. பெயர்கள் மட்டுமே. இவர்கள் மாமல்லபுரத்துக் கல்வேலையில் ஈடுபட்டோர் என்று கல்வெட்டறிஞர்கள் கருதுகின்றனர். உளியைத் தீட்டித் தந்த கொல்லனின் பெயர் அதில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். கல்வேலையில் உளிமுனை நாளுக்குப் பலமுறை மழுங்கும், கொல்லனின்றித் தச்சனில்லை. ஆம்ஸ்டர்டாம் தொழிற்குழுவின் தகடு ஆசானோடு நின்றுவிட்டது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பூஞ்சேரிப் பாறையில் கொல்லனும் இடம்பெற்றிருக்கிறான்.

தன்னை அழித்துக்கொள்ள விரும்பியவர்கள் இப்படிப் பாறையில் பெயர் வெட்டுவதில்லை. இது ஒற்றைச் சான்றும் அன்று. பட்டடக்கல் விரூபாட்சர் கோயில் கல்வெட்டில் சர்வசித்தி ஆசாரி என்னும் தென்னாட்டுச் சூத்திரதாரியின் பெயர் புகழ்மொழிகளோடு உள்ளது. தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயரை இராசராசனே கல்லிலேற்றினான். ஆக, வாய்ப்புக் கிடைத்த இடத்தில் நம் தச்சர்கள் பெயரைப் பதித்திருக்கிறார்கள். மனமிருந்த இடத்தில் மன்னன் பதிக்கச் செய்திருக்கிறான். மற்ற இடங்களில் பெயர் இல்லாததற்குக் காரணம் துறவு என்று சொல்வதைவிட, எழுதும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லை என்று சொல்வதே நேர்மை. நாம் போற்றும் அடக்கம் அவர்கள்மேல் நாம் ஏற்றியது.

*

பழங்கதை போகட்டும். இன்றைய நிலை என்ன? மாமல்லபுரத்தில் காலை ஏழு மணிக்கே உளியோசை தொடங்கிவிடுகிறது. இப்போது அதோடு அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சலும் சேர்ந்துகொண்டது. 1957இல் தொடங்கப்பட்ட அரசுச் சிற்பப் பயிற்சி நிலையம் கல்லூரியாக வளர்ந்து தலைமுறை தலைமுறையாகச் சிற்பிகளை உருவாக்கியிருக்கிறது. 2015இல் உலகக் கைவினைக் கழகம் இவ்வூரைக் கற்சிற்பத்துக்கான உலகக் கைவினை நகரமென அறிவித்தது. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவை மகிழத்தக்கவையே. ஆனால் புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. கௌடா நகரின் கேடயச் சின்னம் போன்றது அது. கேடயத்துக்குப் பக்கத்தில், குதிகாலில் இருந்த அந்தத் தனிக்குறி இங்கே இல்லை. இங்கிருந்து பெருங்கோயில்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போகும் சிலைகளில் எத்தனையில் செதுக்கியவர் பெயர் இருக்கிறது? பெயர்பெற்ற சில ஸ்தபதிகள் நீங்கலாக, மற்றவர்களின் வேலை கடைப்பெயரில்தான் போகிறது.

பொன்னிலும் இதுவே. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2000இல் தங்கத்துக்கு ஹால்மார்க் கொண்டுவந்தது. 2021 ஜூன் முதல் படிப்படியாக அது கட்டாயமாயிற்று. அதே ஆண்டு முதல் ஒவ்வொரு நகையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க அடையாளம் பொறிக்கப்படுகிறது. முன்பிருந்த முறையில் கடையின் குறி இருந்தது. இப்போது அதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆறிலக்கத்துக்குள் போய்விட்டது. வாங்குவோரின் நலனுக்கு இது மிக நல்லது, மறுக்கவில்லை. மாற்றைப் பார்ப்பதில் நமக்கும் நீண்ட மரபுண்டு; சோழர் கல்வெட்டுகள் பொன்னைத் தண்டவாணிக்கு ஒப்பிட்டு மாற்றுச் சொல்பவை. ஆனால் பொன்னின் மாற்றைச் சொல்லும் குறி உண்டு, விற்றவரைக் கண்டுபிடிக்கும் குறி உண்டு. இழைத்தவரைச் சொல்லும் குறி எப்போதுமே இருந்ததில்லை.

இது வெறும் மனவருத்தத்துக்குரிய செய்தி என்று யாரும் எண்ண வேண்டாம். இதில் களவும் காவலும் அடங்கியிருக்கின்றன. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிலையை நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது. கடத்துவோரின் பழைய உத்தி, பழஞ்சிலையைப் புதுக் கைவினைப் பொருளென்று சொல்லி அனுப்புவது. மறுபுறத்தில், புதிய சிலைக்கு அமிலம் பூசி, மண்ணில் புதைத்தெடுத்து, சோழர் காலத்தது என்று விற்போரும் உண்டு. இவ்விரண்டு பொய்களும் வாழ்வது ஒரே வெற்றிடத்தில்: புதிய சிலையில் செய்தவர் பெயரும் ஆண்டும் இல்லை என்ற வெற்றிடத்தில். சதுரங்கப்பட்டினத்துத் தொட்டிலில் ஒரு கடுகளவு வாள் ஒரு நூற்றாண்டுக் கதையை ஒரு நிமிடத்தில் கலைத்துவிட்டது. நம் சிற்பங்கள் ஒவ்வொன்றிலும் அத்தகைய குறி இருந்தால், குறியில்லாத சிலை ஒன்று துறைமுகத்துக்கு வரும்போதே கேள்வி எழும்.

எனவே நாங்கள் வேண்டுவது எளியது. மாமல்லபுரத்துச் சிற்பிகள் தங்களுக்குள் ஒரு குறிப் பதிவேடு தொடங்க வேண்டும். ஒவ்வொரு பட்டறைக்கும், விரும்பும் ஒவ்வொரு சிற்பிக்கும் ஒரு குறி. பதிவேட்டில் அதற்கெதிரே பெயர், ஊர், ஆசான் பெயர். முடித்த சிற்பத்தில் அக்குறியும் ஆண்டும். பெரிய செலவு எதுவும் இல்லை. உளி கையிலேயே இருக்கிறது. சிற்பக் கல்லூரி அப்பதிவேட்டைப் பேணலாம். புவிசார் குறியீட்டோடு அதை இணைக்க அரசுக்கு மனமிருந்தால் போதும். கூடவே, சதுரங்கப்பட்டினத்தில் கிடைத்த சுங்கான் துண்டுகளின் குறிகளும் பீங்கான் துண்டுகளும் படங்களோடு பட்டியலிடப்பட்டு, தமிழிலும் வெளியாக வேண்டும். உள்ளூர்ப் பள்ளி மாணவன் அவற்றைப் பார்த்து, ஒரு பொருள் எப்படித் தன் பிறப்பைச் சொல்கிறது என்று கற்க வேண்டும்.

இரண்டு தடைகள் சொல்லப்படும். முதலாவது, வழிபாட்டுத் திருமேனியில் மனிதன் பெயர் வெட்டலாமா என்பது. கண் திறந்தபின் சிலை சிற்பியுடையதன்று என்ற நம்பிக்கையை நாங்கள் மதிக்கிறோம். டச்சுத் தட்டாரும் முத்திரையை மேலே அடிக்கவில்லை, அடிப்புறத்தில்தான் அடித்தார். பீடத்துக்குள் இறங்கி அட்டபந்தனத்தால் மூடப்படும் பகுதியில் ஒரு குறி இருந்தால் தெய்வம் கோபித்துக்கொள்ளாது. இரண்டாவது தடை கனமானது. ஒரு சிலையில் நால்வர் கை படுகிறது; ஒருவர் அளவு போடுவார், ஒருவர் வெட்டிக் கழிப்பார், ஒருவர் முகம் திறப்பார், பெரும்பாலும் பெண்களே மெருகேற்றுவார்கள். யார் பெயரை வெட்டுவது? ஆசான் பெயரை மட்டும் வெட்டினால் ஆம்ஸ்டர்டாம் செய்த அதே பிழையை நாமும் செய்தவராவோம். இதற்குப் பதில் பூஞ்சேரிப் பாறையில் இருக்கிறது. கல்லில் ஒரு குறி போதும். பதிவேட்டில் அத்தனை பேரும் இருக்கட்டும், கொல்லன் உட்பட.

தறிக்கும் இதைச் செய்ய முடியுமா என்று எங்களுள் ஒருவர் கேட்டார். முந்தானையின் ஓரத்தில் நெய்தவர் பெயரை இழையிலேயே எழுதலாம். தறிக்கு அது புதிதுமன்று. கைத்தறிக்குக் குறி உண்டு, பட்டுக்குக் குறி உண்டு, கடைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் பெயர்ச்சீட்டு உண்டு. நெய்தவருக்குச் சேர்ப்பது இன்னும் ஓர் அங்குல இழை.

விடைபெறும்போது மூதாட்டி தொட்டிலைத் துடைத்து மீண்டும் மாடத்தில் வைத்தார். அந்த இரண்டெழுத்துகளை நாங்கள் படமெடுத்திருக்கிறோம். முதலெழுத்து எச் போலத் தெரிகிறது. இரண்டாவதை இன்னும் படிக்க முடியவில்லை. 1814க்குப் பிந்திய குறிகளுக்கும் அந்நாட்டில் பதிவேடுகள் உள்ளன என்பதால் தேடிக்கொண்டிருக்கிறோம். என்றாவது ஒருநாள் பெயர் கிடைத்துவிடும். கிடைத்ததும் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அப்போது தம் கணவரின் பெயரை அவர் மறுபடி கேட்பார். அதற்குத் தேடிப் பார்க்க எந்தப் பதிவேடும் நம்மிடம் இல்லை.